பனிப்போரின் கடைசிப் பத்தாண்டு (1979–1991): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் பழைய செய்திகளைத் தேடி வாசிப்பவர்களும் 1980களைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் பேச்சு மொழியிலேயே கேள்விகள் உள்ளன. பெரும்பாலான குழப்பம் தேதிகளின் வரிசை தெரியாததால் வருவது. அதனால் பதில்களில் தேதிகளுக்கே முதலிடம்.

பனிப்போர்னா என்ன? சண்டையே போடாததை ஏன் போர்னு சொல்றாங்க?

அமெரிக்காவும் சோவியத் யூனியனும் நேருக்கு நேர் மோதவில்லை என்பது சரி. ஆனால் கொரியா, வியட்நாம், அங்கோலா, ஆப்கானிஸ்தான் என்று அடுத்தவர் மண்ணில் ஆயுதமும் பணமும் கொடுத்துப் போரிட வைத்தார்கள். சில இடங்களில் ஒரு தரப்பு தன் படையையே இறக்கியது. அங்கே செத்தவர்களுக்கு அது முழுப்போர்தான். இரு வல்லரசுகளுக்கும் இடையே மட்டும்தான் அது பனியாக உறைந்து கிடந்தது.

1980கள்னு சொல்லிட்டு எல்லாரும் ஏன் 1979-லயே ஆரம்பிக்கிறாங்க?

அந்தப் பத்தாண்டின் முடிச்சுகள் எல்லாம் 1979-இல் விழுந்தவை. பிப்ரவரியில் ஈரான் புரட்சி வென்றது. மே 4-இல் மார்கரெட் தாட்சர் பிரிட்டன் பிரதமரானார். ஜூனில் போப் இரண்டாம் ஜான் பால் தன் தாய்நாடான போலந்துக்குப் போனார். நவம்பர் 4-இல் தெஹ்ரான் அமெரிக்கத் தூதரகத்தில் பணயக்கைதிகள் பிடிபட்டார்கள். டிசம்பர் 12-இல், மேற்கு ஐரோப்பாவில் புதிய அணு ஏவுகணைகளை நிலைநிறுத்துவது என்று அமெரிக்கா தலைமையிலான ராணுவக் கூட்டணியான நேட்டோ முடிவெடுத்தது. டிசம்பர் கடைசி வாரத்தில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது.

இந்தக் கடைசி இரண்டையும் சேர்த்தே படியுங்கள். 1970களில் இரு தரப்பும் கொண்டிருந்த ஓரளவு இணக்கம் அந்த இரண்டு வாரங்களில் முறிந்தது.

ரஷ்யாவும் சோவியத் யூனியனும் ஒண்ணுதானே? போலந்தும் அதுக்குள்ளதானே இருந்துச்சு?

இரண்டுமே தவறு. சோவியத் யூனியன் 15 குடியரசுகள் சேர்ந்த நாடு. ரஷ்யா அவற்றில் பெரியது. உக்ரைன், ஜார்ஜியா, லித்துவேனியா, உஸ்பெகிஸ்தான் எல்லாம் மற்றவை.

போலந்து, கிழக்கு ஜெர்மனி, செக்கோஸ்லோவாக்கியா, ஹங்கேரி, ருமேனியா, பல்கேரியா ஆகியவை தனி நாடுகள். வார்சா ஒப்பந்தம் என்ற ராணுவக் கூட்டணி அவற்றை மாஸ்கோவுடன் கட்டிப்போட்டது. இந்த வேறுபாடு புரியாவிட்டால் 1989-உம் 1991-உம் ஒரே நிகழ்ச்சி போலக் குழம்பிவிடும். 1989-இல் கூட்டணி நாடுகளில் ஆட்சிகள் கவிழ்ந்தன. 1991-இல் சோவியத் யூனியனே கலைந்தது.

பிரெஷ்னேவ், அந்திரோபோவ், செர்னென்கோ, கோர்பச்சேவ்: இந்த வரிசை மனசுல நிக்கவே மாட்டேங்குது. கோர்பச்சேவ் பிரதமரா, அதிபரா?

மரணத் தேதிகளைக் கொண்டு நினைவில் வையுங்கள். பிரெஷ்னேவ் 1982 நவம்பர் 10, அந்திரோபோவ் 1984 பிப்ரவரி 9, செர்னென்கோ 1985 மார்ச் 10. இருபத்தெட்டே மாதங்களில் மூன்று சோவியத் தலைவர்கள் இறந்தார்கள். மறுநாளே, மார்ச் 11 அன்று, 54 வயது கோர்பச்சேவைத் தேர்ந்தெடுத்தார்கள். இன்னொரு நோயாளியைத் தேர்ந்தெடுக்கும் துணிவு அப்போது கட்சிக்கு இல்லை.

அவர் பிரதமராக ஒருநாளும் இருந்ததில்லை. 1985-இல் அவருக்குக் கிடைத்த பதவி கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர். உண்மையான அதிகாரம் அந்த நாற்காலியில்தான் இருந்தது. பிரதமர் பொறுப்பை நிக்கோலாய் ரிஷ்கோவ் வகித்தார். 1988 அக்டோபரில் கோர்பச்சேவ் நாட்டுத் தலைவர் பொறுப்பையும் ஏற்றார். ‘சோவியத் அதிபர்’ என்ற புதிய பதவி 1990 மார்ச்சில்தான் உருவானது. 1985-இல் ‘அதிபரானார்’ என்று எழுதினால் அது பிழை.

கிளாஸ்நோஸ்த், பெரெஸ்த்ரோய்க்கா: எது எதுன்னு மாறி மாறிப் போகுது.

இரண்டும் கோர்பச்சேவின் சீர்திருத்தங்கள். கிளாஸ்நோஸ்த் வெளிப்படைத்தன்மை. பத்திரிகைத் தணிக்கை தளர்ந்ததும், ஸ்டாலின் காலக் கொடுமைகளைப் பற்றி எழுத முடிந்ததும், அரசை விமர்சித்த அணு விஞ்ஞானி ஆந்திரெய் சகாரோவ் 1986 டிசம்பரில் கோர்க்கி நகரக் காவலிலிருந்து மாஸ்கோ திரும்ப முடிந்ததும் இதில் அடங்கும். பெரெஸ்த்ரோய்க்கா மறுசீரமைப்பு. இது தொழிற்சாலை, விலை, நிர்வாகம் ஆகியவற்றைப் பற்றியது.

முதலாவது ஓடியது, இரண்டாவது தடுக்கி விழுந்தது. 1988 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் அரசுத் தொழிற்சாலைகளுக்கு ஊதியத்தையும் உற்பத்தியையும் தீர்மானிக்க ஓரளவு உரிமை தந்தது. கடைகளில் பெரும்பாலான பொருள்களுக்கு விலையை நிர்ணயித்தது பழையபடி அரசுதான். தொழிற்சாலைகள் சம்பளத்தை ஏற்றின, பொருள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. கையில் ரூபிள் இருந்தது, அலமாரி காலி. போதாததற்கு, 1985 மே மாதம் தொடங்கிய மதுக்கட்டுப்பாட்டால் அரசின் வரி வருவாய் சரிந்தது. 1986-இல் கச்சா எண்ணெய் விலை பாதிக்கும் கீழே போனதில் வெளிநாட்டுத் தானியம் வாங்கும் டாலரும் சுருங்கியது. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் விழுந்த அடிகள். மக்களுக்குப் பேச வாய் திறந்த அதே வருடங்களில் கடை வரிசை நீண்டது. அவர்கள் பேசியதெல்லாம் அந்த வரிசையைப் பற்றித்தான்.

1983-ல நிஜமாவே அணு ஆயுதப் போர் வந்திருக்குமா, இல்ல கட்டுக்கதையா?

கட்டுக்கதை இல்லை. அந்த வருடத்தை மாதம் மாதமாகப் பாருங்கள். மார்ச் 8 அன்று அமெரிக்க அதிபர் ரீகன் சோவியத் யூனியனைத் ‘தீய சாம்ராஜ்யம்’ என்றார். மார்ச் 23 அன்று, வரும் ஏவுகணைகளை விண்வெளியிலிருந்தே தடுக்கும் திட்டத்தை அறிவித்தார். செப்டம்பர் 1 அன்று சோவியத் வான்பகுதிக்குள் வழிதவறிய கொரியப் பயணிகள் விமானத்தைச் சோவியத் போர்விமானம் சுட்டு வீழ்த்தியது. 269 பேர் இறந்தார்கள். மாஸ்கோ முதலில் மறைக்கப் பார்த்தது.

செப்டம்பர் 26 அதிகாலையில், மாஸ்கோவுக்குத் தெற்கே இருந்த எச்சரிக்கை மையத்தின் கணினி, அமெரிக்கா ஏவுகணை ஏவிவிட்டதாகக் காட்டியது. முதலில் ஒன்று, பிறகு மொத்தம் ஐந்து. பணியில் இருந்த லெப்டினன்ட் கர்னல் ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ், முதல் அடி அடிக்கிறவன் ஐந்து ஏவுகணையோடு நிறுத்த மாட்டான் என்று கணித்தார். தரையிலிருந்த ராடாரும் எதையும் காட்டவில்லை. பொய் எச்சரிக்கை என்றே மேலிடத்துக்குச் சொன்னார். மேகங்களின் உச்சியில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணைத் தீ என்று எடுத்துக்கொண்டது பின்னர் தெரிந்தது. நவம்பரில் நேட்டோ நடத்திய ‘ஏபிள் ஆர்ச்சர்’ பயிற்சியும் மாஸ்கோவைப் பதறவைத்தது.

போலந்துல ஒரு தொழிற்சங்கம் எப்படி ஒரு ஆட்சியையே மாத்துச்சு?

இரண்டு கட்டங்களாக. 1980 ஜூலையில் இறைச்சி விலை ஏறியது. ஆகஸ்ட் 14 அன்று கதான்ஸ்க் நகரின் லெனின் கப்பல் கட்டும் தளத்தில், வேலைநீக்கப்பட்ட ஒரு பெண் தொழிலாளிக்காக வேலைநிறுத்தம் தொடங்கியது. மின்பணியாளர் லேக் வலேசா தலைமை ஏற்றார். 21 கோரிக்கைகளில் முதலாவது, கட்சியைச் சாராத சுதந்திரத் தொழிற்சங்கம். ஆகஸ்ட் 31 அன்று அரசு கையெழுத்திட்டது. ‘சாலிடாரிட்டி’ பிறந்தது. ஒரு வருடத்துக்குள் அதன் உறுப்பினர்கள் ஏறத்தாழ ஒரு கோடி. 1981 டிசம்பர் 13 அன்று ஜெனரல் யாருசெல்ஸ்கி ராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்து சங்கத்தை நசுக்கினார்.

இரண்டாவது கட்டம் 1989. அரசும் சாலிடாரிட்டியும் நடத்திய வட்டமேசைப் பேச்சில் ஒரு கணக்கு ஒப்புக்கொள்ளப்பட்டது: கீழவையின் 460 இடங்களில் 161-க்கு மட்டும் சுதந்திரப் போட்டி, மீதி ஆளும் அணிக்கு. புதிய மேலவையின் 100 இடங்களுக்கும் திறந்த போட்டி. ஜூன் தேர்தலில் சாலிடாரிட்டி அந்த 161-ஐயும் மேலவையில் 99-ஐயும் வென்றது. 161 பெரும்பான்மை இல்லையே என்று கேட்பார்கள். அதுவரை கம்யூனிஸ்டுகளின் நிழலில் இருந்த இரண்டு சிறு கட்சிகள் பக்கம் மாறின, கணக்கு கவிழ்ந்தது. ஆகஸ்ட் 24 அன்று ததேயுஷ் மசோவியெத்ஸ்கி பிரதமரானார். மாஸ்கோ படை அனுப்பவில்லை. அதைப் பார்த்துத்தான் அண்டை நாடுகள் துணிந்தன.

செர்னோபில் ஒரு விபத்துதானே, அதை ஏன் அரசியல் வரலாற்றுல சேர்க்குறாங்க?

விபத்தை மறைத்த விதத்தால். 1986 ஏப்ரல் 26 அதிகாலை 1.23-க்கு, உக்ரைனில் இருந்த செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காம் உலை வெடித்தது. மின்சாரம் நின்றால் சுழலும் டர்பைனின் மிச்ச வேகத்திலேயே பம்புகளை ஓட்ட முடியுமா என்ற சோதனையின்போது நடந்தது இது. பக்கத்து நகரமான ப்ரிபியாத்தை மறுநாள் பிற்பகல்தான் காலிசெய்தார்கள். ஏப்ரல் 28 அன்று சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஊழியரின் காலணியில் கதிர்வீச்சு தெரிந்து அவர்கள் கேள்வி எழுப்பிய பிறகே மாஸ்கோ சில வரிகளில் அறிவித்தது. மே 1 அன்று கீவ் நகரில் குழந்தைகளோடு ஊர்வலம் நடந்தது. கோர்பச்சேவ் தொலைக்காட்சியில் பேசியது மே 14 அன்று.

கிளாஸ்நோஸ்த் என்ற சொல் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. உயிர் காக்கும் தகவலைக்கூட ஒளிக்கும் அரசு என்று குடிமக்களே கண்டபின் அந்தச் சொல் வெறும் முழக்கமாக நீடிக்க முடியவில்லை. உக்ரைனிலும் பெலாரஸிலும் மாஸ்கோ மீதான நம்பிக்கை உடைந்ததில் இந்த விபத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

அப்போ கூடங்குளமும் அதே சோவியத் உலைதானா?

ஒப்பந்தம் அந்தக் காலத்ததுதான். 1988 நவம்பர் 20 அன்று டெல்லியில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்டார்கள். சோவியத் யூனியன் கலைந்ததில் திட்டம் முடங்கி, 1998-இல் ரஷ்யாவுடன் துணை ஒப்பந்தமாக உயிர்பெற்றது.

உலை வகை வேறு. செர்னோபிலில் இருந்தது கிராஃபைட்டை நடுவே வைத்த உலை. அதில் நீர் ஆவியானால் அணுப்பிளவு கூடும். அவசர நிறுத்தக் கட்டுப்பாட்டுத் தண்டுகளின் கீழ்ப்பகுதியிலும் கிராஃபைட் இருந்ததால், நிறுத்தப்போன நொடியில் வேகம் ஏறியது. சுற்றிலும் முழுமையான காப்புக் கட்டடமும் இல்லை. கூடங்குளத்தில் இருப்பது அழுத்த நீர் உலை. அதில் நீர் குறைந்தால் பிளவு வினையும் தணியும், காப்புக் கட்டடமும் உண்டு. அதனால் செர்னோபில் அப்படியே மறுபடி நடக்கும் என்ற ஒப்பீடு பொருந்தாது. கழிவு, கடல் நீரின் வெப்பம், அவசரக்காலத்தில் ஊரைக் காலிசெய்யும் ஏற்பாடு பற்றி இடிந்தகரை மக்கள் எழுப்பிய கேள்விகள் வேறு. உலை வகையைச் சொல்லி அவற்றைத் தள்ளிவிட முடியாது.

ஆப்கானிஸ்தான்ல தோத்ததாலதான் சோவியத் உடைஞ்சுதுன்னு சொல்றாங்களே?

ஒரு காரணம், ஒரே காரணம் ஆகாது. ஏறத்தாழ 15,000 சோவியத் வீரர்கள் இறந்தார்கள். ஆப்கானியர் பல லட்சம். 1986 முதல் ஆப்கான் போராளிகளுக்கு அமெரிக்கா கொடுத்த ஸ்டிங்கர் ஏவுகணைகள் ஹெலிகாப்டர்களைப் பாடுபடுத்தியது உண்மை. ஆனால் வெளியேறுவது என்ற முடிவை கோர்பச்சேவ் அதற்கு முன்பே மனதில் கொண்டிருந்தார். 1988 ஏப்ரலில் ஜெனீவா உடன்பாடு, 1989 பிப்ரவரி 15 அன்று கடைசிப் படை பாலம் தாண்டி வெளியேற்றம். அவர்கள் விட்டுச்சென்ற நஜிபுல்லா அரசு உடனே கவிழவும் இல்லை. மாஸ்கோவின் பணமும் எரிபொருளும் நின்ற பிறகு, 1992 ஏப்ரலில்தான் விழுந்தது. உடைவுக்கான பணக் காரணங்களை கிளாஸ்நோஸ்த் கேள்வியில் பாருங்கள்.

பனிப்போரை முடிச்சது ரீகனா கோர்பச்சேவா?

1986 அக்டோபரில் ரேக்யவிக் நகரில் இருவரும் அணு ஆயுதங்களை முழுவதுமாக ஒழிப்பது வரை பேசிவிட்டு, விண்வெளித் தடுப்புத் திட்டத்தில் முட்டிக்கொண்டு வெறுங்கையோடு பிரிந்தார்கள். அந்தப் பேச்சு வீண்போகவில்லை. 1987 டிசம்பர் 8 அன்று வாஷிங்டனில் கையெழுத்தான உடன்பாடு 500 முதல் 5,500 கிலோமீட்டர் வரை செல்லும் தரை ஏவுகணைகள் அனைத்தையும் ஒழித்தது. மொத்தம் 2,692. அவற்றில் சோவியத் பங்கு 1,846, அமெரிக்கப் பங்கு 846. இரு நாட்டுப் பார்வையாளர்களும் மற்றவரின் தளத்துக்கே போய்ச் சரிபார்த்தார்கள்.

அழுத்தம் கொடுத்ததிலும், சரியான நேரத்தில் எதிராளியை நம்பியதிலும் ரீகனுக்குப் பங்குண்டு. ஆனால் அழுத்தத்துக்கு இன்னொரு தலைவர் பீரங்கியால் பதில் சொல்லியிருக்கலாம். அந்த வழி இருந்தும் அதை எடுக்காதவர் கோர்பச்சேவ். என் தராசு அவர் பக்கம் சாய்கிறது.

பெர்லின் சுவர் ரெண்டு ஜெர்மனிக்கும் நடுவுலதானே இருந்துச்சு? அதை இடிச்சது யாரு?

நடுவில் இல்லை. மேற்கு பெர்லின், கிழக்கு ஜெர்மனியின் உள்ளே ஒரு தீவு போல இருந்தது. 1961 ஆகஸ்ட் 13 அன்று தொடங்கிய சுவர் அந்தத் தீவைச் சுற்றி வளைத்தது. நீளம் சுமார் 155 கிலோமீட்டர். அடைக்கப்பட்டது மேற்கு பெர்லின், வெளியே போக முடியாதவர்கள் கிழக்கில் இருந்தவர்கள்.

1989-இல் ஓட்டை முதலில் வேறு நாட்டில் விழுந்தது. மே 2 அன்று ஹங்கேரி ஆஸ்திரிய எல்லை வேலியை அகற்றத் தொடங்கியது. செப்டம்பர் 11 முதல் கிழக்கு ஜெர்மானியரை அவ்வழியே போகவிட்டது. அக்டோபர் 9 அன்று லைப்சிக் தெருவில் சுமார் 70,000 பேர் திரண்டார்கள், துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. அக்டோபர் 18 அன்று கிழக்கு ஜெர்மன் தலைவர் ஹோனெக்கர் பதவி விலகினார்.

நவம்பர் 9 நடந்தது ஒரு நிர்வாகத் தடுமாற்றம். விசா கேட்டு விண்ணப்பித்தால் பயணம் செய்யலாம் என்ற புதிய விதி மறுநாள் காலை அறிவிக்கப்பட வேண்டியது. விதி பேசப்பட்டபோது அங்கே இல்லாத, கட்சியின் செய்தித் தொடர்பாளர் குந்தர் ஷபோவ்ஸ்கி, மாலை செய்தியாளர் கூட்டத்தில் அந்தத் தாளை வாசித்தார். எப்போதிலிருந்து என்று கேட்டதும், தனக்குத் தெரிந்தவரை உடனடியாக என்றார். மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சி அதைச் செய்தியாக்கியது. மக்கள் சோதனைச் சாவடிகளில் குவிந்தார்கள். போர்ன்ஹோல்மர் தெருச் சாவடியில், அதிகம் கூச்சலிட்டவர்களின் அடையாளப் புத்தகத்தில் படத்தின் மேலேயே முத்திரை குத்தி, திரும்ப முடியாதபடி வெளியே அனுப்பி நெரிசலைக் குறைக்கப் பார்த்தார்கள். கூட்டம் பெருகியதே தவிரக் குறையவில்லை. மேலிடத்திலிருந்து தெளிவான உத்தரவு வராத நிலையில், இரவு 11.30 மணியளவில் அதிகாரிகள் தடுப்பைத் திறந்தார்கள். சுத்தியலும் உளியும் அதற்குப் பின்.

அன்னிக்கே ரெண்டு ஜெர்மனியும் சேர்ந்துடுச்சா?

இல்லை, ஏறத்தாழ பதினொரு மாதம் ஆனது. 1990 மார்ச் 18 கிழக்கில் தேர்தல், ஜூலை 1 நாணய இணைப்பு, செப்டம்பர் 12 மாஸ்கோவில் இரு ஜெர்மனிகளும் அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய நான்கு நாடுகளும் செய்த உடன்பாடு, அக்டோபர் 3 இணைப்பு. தேசிய நாள் அக்டோபர் 3. நவம்பர் 9-ஐத் தேர்ந்தெடுக்காததற்கு ஒரு காரணம், 1938-இல் யூதர்கள் மீதான படுகொலை இரவும் அதே தேதியில் நிகழ்ந்தது.

அதே 1989-ல சீனாவுல மட்டும் ஏன் வேற மாதிரி முடிஞ்சுது?

போலந்துத் தேர்தல் நடந்த அதே ஜூன் 4 அன்றுதான் பெய்ஜிங்கில் டாங்கிகள் நுழைந்தன. முன்னாள் கட்சிப் பொதுச்செயலாளர் ஹூ யாவ்பாங் ஏப்ரல் 15 அன்று இறந்ததும் மாணவர்கள் தியானன்மென் சதுக்கத்தில் கூடினார்கள். கட்சிப் பொதுச்செயலாளர் ஜாவ் ஜியாங் பேச்சுவார்த்தை என்றார், உண்மையான அதிகாரம் கையில் இருந்த டெங் ஷியாவ்பிங் ராணுவம் என்றார். ஜாவ் பதவியிழந்தார். இறந்தவர்களின் எண்ணிக்கை இன்றுவரை வெளிப்படையாகக் கணக்கிடப்படவில்லை. கிழக்கு ஐரோப்பிய ஆட்சிகள் நின்றது சோவியத் படையின் பலத்தில். அந்தப் படை நகராது என்றதும் அவை தளர்ந்தன. சீன ஆட்சி தன் சொந்தப் படையில் நின்றது.

ருமேனியாவுல மட்டும் ரத்தம் ஓடினது ஏன்?

ருமேனிய அதிபர் சவுசெஸ்கு மாஸ்கோவின் பேச்சையும் கேட்காதவர். வெளிநாட்டுக் கடனை முழுதும் அடைப்பதற்காக உணவை ஏற்றுமதி செய்து, வீட்டுக்கு வெளிச்சத்தையும் சூட்டையும் குறைத்தார். பேச்சுவார்த்தைக்கு எதிர்த்தரப்பே இல்லாதபடி ரகசியப் போலீஸ் அழித்திருந்தது. திமிஷ்வாரா நகரில் தொடங்கிய கிளர்ச்சியை அடுத்து 1989 டிசம்பர் 22 அன்று ஹெலிகாப்டரில் தப்பினார், 25 அன்று மனைவியோடு சுட்டுக் கொல்லப்பட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் அவர் தப்பியோடிய பிறகு.

நேட்டோ கிழக்கே ஓர் அங்குலம்கூட நகராதுன்னு எழுதிக் கொடுத்தாங்களா?

எழுதிக் கொடுக்கவில்லை, பேச்சில் சொன்னார்கள். 1990 பிப்ரவரி 9 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கர் மாஸ்கோவில் கோர்பச்சேவிடம் அந்தச் சொற்களைப் பயன்படுத்தினார். அப்போது பேச்சின் பொருள் ஜெர்மனி. மேலே சொன்ன செப்டம்பர் உடன்பாட்டில், முன்னாள் கிழக்கு ஜெர்மன் நிலத்தில் அயல்நாட்டுப் படையோ அணு ஆயுதமோ நிறுத்தக் கூடாது என்று இருக்கிறது. போலந்து, ஹங்கேரி பற்றி ஒரு சொல்லும் இல்லை. வார்சா ஒப்பந்தம் அன்று உயிரோடு இருந்தது. ‘எழுத்தில் வாக்குறுதி மீறப்பட்டது’ என்பதும் ‘அப்படிப் பேச்சே எழவில்லை’ என்பதும் இரண்டும் பொய்.

1991 மார்ச்ல 76 சதவீதம் பேர் யூனியன் வேணும்னு ஓட்டுப் போட்டாங்க. டிசம்பர்ல எப்படிக் கலைஞ்சுது?

அந்த வாக்கெடுப்பை 15 குடியரசுகளில் ஆறு புறக்கணித்தன: மூன்று பால்டிக் நாடுகள், ஜார்ஜியா, ஆர்மீனியா, மால்டோவா. மக்கள் ஒப்புக்கொண்டதும் புதுப்பிக்கப்பட்ட யூனியனுக்கு. அதற்கான ஒப்பந்தம் ஆகஸ்ட் 20 அன்று கையெழுத்தாக இருந்தது. அதைத் தடுக்க முந்தின நாள் கடும்போக்காளர்கள் ஆட்சியைப் பிடிக்க முயன்று, மூன்றே நாளில் தோற்றார்கள். காப்பாற்ற நினைத்த யூனியனை அவர்களே கொன்றார்கள். ரஷ்யக் குடியரசின் தலைவர் யெல்ட்சின் கை ஓங்கியது. டிசம்பர் 1 அன்று உக்ரைனில் 90 சதவீதத்துக்கு மேல் விடுதலைக்கு வாக்களித்தார்கள். டிசம்பர் 8 அன்று ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் தலைவர்கள் யூனியன் இனி இல்லை என்று கையெழுத்திட்டார்கள். டிசம்பர் 25 அன்று கோர்பச்சேவ் விலகினார், கிரெம்ளினில் செங்கொடி இறங்கியது.

மலிவு விலைல வந்த தமிழ் சோவியத் புத்தகங்கள் ஏன் நின்னுபோச்சு?

மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழில் அச்சிட்டு அனுப்பியவற்றை இங்கே நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் விற்றது. அந்த விலையில் அச்சுக்கூலிகூடத் தேறாது. மீதியைச் சோவியத் அரசு ஏற்றது. மேலே சொன்ன டிசம்பரோடு அந்த மானியமும் போனது, மாஸ்கோவில் இருந்து செயல்பட்ட தமிழ் மொழிபெயர்ப்புப் பணியும் அத்தோடு நின்றது. இன்று பழைய புத்தகக் கடைகளில் கிடைப்பவை அநேகமாக அதற்கு முன் வந்து சேர்ந்த பிரதிகள்.